பக்கத்து வீட்டை இடிக்க வந்தார்கள்: நாங்கள் வைத்த பிளானிங் ஆலோசகர் எப்படி?

2023 பிப்ரவரியில் ஒரு மாலை. வேலை முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் ஒரு தாளைக் கட்டியிருந்தார்கள். மழைக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படித்தேன். பக்கத்து வீட்டை முழுவதும் இடித்துவிட்டு, அதே மனையில் நிலவறையோடு ஆறு படுக்கையறை வீடு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். கருத்துச் சொல்ல 21 நாள்.

அந்த 21 நாளுக்குள் நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பிளானிங் ஆலோசகரை, அதாவது கட்டட அனுமதி விஷயங்களில் ஆலோசனை சொல்பவரை, வைத்தோம். அவர் செய்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தனியாகத் தொழில் செய்பவர். நகரத் திட்டத் தொழிலில் இருப்பவர்களின் சங்கமான ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர், அதற்கு முன்பு ஒரு கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) பிளானிங் அதிகாரியாக இருந்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் இப்படி ஒருவரை வைக்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று என்னிடம் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே.

முதலில் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். தென்மேற்கு லண்டனில் எங்கள் தெரு ஓரிடத்தில் வளையும். அந்த வளைவில் தனியாக நிற்கிற வீடு அது. முகப்பில் 1908 என்று செதுக்கிய கல் இருக்கிறது. தெருவுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதன் முக்கோண முகப்பும் இரண்டு புகைபோக்கிகளும்தான். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்து அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அங்கே இருந்த அம்மாள், நாங்கள் சாமான் இறக்கிய அன்று தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தவர். எங்கள் கெட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாத நாள் அது. 2020இல் அவர் இறந்தார், வீடு கைமாறியது, அப்புறம் இரண்டு குளிர்காலம் ஆளே இல்லாமல் கிடந்தது.

அன்று இரவே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். பத்தொன்பது வருட நினைவு, எங்கள் மாடியிலிருந்து தெரியும் மரம், வீட்டு விலை இறங்கிவிடும் என்ற பயம், ஒன்றரை வருடம் தூசியும் சத்தமும், விற்று லாபம் பார்க்கத்தான் கட்டுகிறார்கள் என்ற சந்தேகம் எல்லாம் அதில் இருந்தது. நல்ல கடிதம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, "இதில் கவுன்சில் கணக்கில் எடுக்கக்கூடிய வரி ஒன்று இருக்கிறது" என்றார். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் நான் எழுதியிருந்த வரி அது: மேல்மாடித் திறந்த தளத்திலிருந்து எங்கள் படுக்கையறைக்குள் நேராகப் பார்க்கலாம்.

அவர் எடுத்த எடுப்பிலேயே விளக்கியது இதைத்தான். பிளானிங் சட்டம் காது கொடுக்கும் காரணங்கள் சில, கொடுக்காத காரணங்கள் பல. வீட்டு விலை இறங்கும், ஜன்னல் காட்சி மறையும், கட்டும்போது சத்தம் வரும், கட்டுபவரின் நோக்கம் சரியில்லை, பொதுச் சுவரில் தகராறு வரும் என்பதையெல்லாம் எத்தனை பக்கம் எழுதினாலும் அதிகாரி ஒதுக்கிவிடுவார். அந்தரங்கம், வெளிச்சம், வடிவமைப்பு, மரங்கள், போக்குவரத்து, வட்டாரத்தின் பழமைத் தன்மை ஆகியவை எடுபடும். ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் அது ஒரு காரணம்தான், ஐம்பது காரணம் ஆகாது.

கட்டணம்: 1,100 பவுண்டு, வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்து 1,320. பன்னிரண்டு வீட்டுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 110. நேரில் வந்து பார்ப்பது, விண்ணப்பதாரர் கொடுத்த ஆவணங்களை எல்லாம் படிப்பது, எங்கள் எல்லோர் சார்பிலும் ஒரு முழு ஆட்சேபக் கடிதம், அவரவர் தனியாக எழுதும் கடிதங்களைத் திருத்துவது. இவ்வளவும் அதற்குள் அடக்கம்.

நேரில் வந்த அன்றுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, நல்ல குளிர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தெருவின் இரண்டு முனைகளுக்கும் நடந்து, ஒவ்வொரு வீட்டு முகப்பையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் பக்கத்து வீட்டு நடைபாதையோரம் நின்று என்னைக் கூப்பிட்டு, "செங்கல்லைப் பாருங்கள், நீளப் பக்கம் ஒன்று, குட்டைப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வருகிறதா? இதுதான் ஃபிளெமிஷ் பாண்ட்" என்று காட்டினார். இத்தனை வருடமாக அந்தச் சுவரை ஒட்டித்தான் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகிறேன், ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை. வேலிச் சுவரின் இணைப்பை நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெளுத்த பொடி வந்தது. சுண்ணாம்புக் கலவை, இன்னும் சிமென்ட் பூசாமல் பழையபடியே இருக்கிறது என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் 2009இல் சிமென்ட் வைத்துப் பூசினோம். இப்போது அந்த இடங்களில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கிப் பனியில் உறைவதால்தான் அப்படி என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

வாசல் பாதையில் சிவப்பு, கறுப்பு, மணல் நிற ஓடுகளைச் சிறு சிறு முக்கோணமாகவும் சதுரமாகவும் பதித்திருப்பார்கள். கதவுக்கு முன்னால் இருக்கும் கல்படியில் நடுப்பகுதி மட்டும் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். நூறு வருடத்துக்கு மேலாக மனிதர்கள் கால் வைத்த குழி. அதைப் படம் எடுத்துக்கொண்டார். கதவின் மேல் ஈயப் பட்டையில் கோத்த வண்ணக் கண்ணாடி, துலிப் பூ வடிவம். அதையும் எடுத்தார். "உணர்ச்சிக்காக எடுக்கவில்லை. விண்ணப்பதாரர் கொடுத்த பாரம்பரிய அறிக்கையில் இந்த வீட்டில் 'குறிப்பிடும்படியான மூல அம்சம் எதுவும் மிஞ்சவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதில் இந்தப் படங்கள்" என்றார்.

இங்கே நிறையப் பேருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பாதுகாப்புப் பகுதி. இந்த ஏற்பாடு 1967இன் சிவிக் அமெனிட்டீஸ் சட்டத்தில் வந்தது. அதே வருடம் லிங்கன்ஷயரில் ஸ்டாம்ஃபர்ட் நகரம் முதல் பாதுகாப்புப் பகுதி ஆனது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 இருக்கின்றன. ஆனால் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் வீட்டைத் தொடவே முடியாது என்று அர்த்தமில்லை. பக்கத்து வீடு லிஸ்டட் கட்டடம், அதாவது தனியாகப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் கட்டடம் இல்லை. இடிக்கத் திட்ட அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் இடித்தால் குற்றம், அவ்வளவுதான். அனுமதி கேட்டால் கிடைக்கவும் கிடைக்கும்.

அனுமதியில்லாமல் இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கார்ல்டன் டேவர்ன். மெய்டா வேல் பக்கம் இருந்த பழைய பப். 2015இல் அதை அனுமதி இல்லாமல் இடித்துவிட்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை, இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. கட்டினார்கள், 2021இல் மறுபடி திறந்தது. எங்கள் முதல் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொல்லி ஆவேசப்பட்டபோது ஆலோசகர் குறுக்கிட்டு, "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முறையாக அனுமதி கேட்டிருக்கிறார். அவரை அந்த இடத்தில் வைத்துப் பேசாதீர்கள்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் சொன்னார். லிஸ்டட் கட்டடங்கள், பாதுகாப்புப் பகுதிகள் பற்றிய 1990ஆம் வருடச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியின் தன்மையையோ தோற்றத்தையோ காப்பது அல்லது மேம்படுத்துவதில் கவுன்சில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. காப்பது என்றால் கெடுக்காமல் விடுவதும் அதில் அடங்கும் என்று 1992இல் சவுத் லேக்லேண்ட் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே புது வீடு வரவே கூடாது என்று வாதாட முடியாது. வருகிற வீடு போகிற வீட்டுக்கு ஈடாகுமா என்றுதான் கேட்கலாம். இதைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் முகம் சுருங்கியது. நம் பக்கம் பேசக் காசு வாங்கியவர் எதிர்ப்பக்கத்துக்கும் வழி சொல்கிறாரே என்று ஒருவர் பிறகு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசு முழுக்க அந்த ஒரு விளக்கத்துக்கே தகும். அதற்கு அப்புறம்தான் எங்கள் கடிதம் சரியான கேள்வியைக் கேட்டது.

கடிதம் ஏழு பக்கம் வந்தது. அதன் முதுகெலும்பு கவுன்சிலே வெளியிட்ட ஓர் ஆவணம். ஒவ்வொரு பாதுகாப்புப் பகுதிக்கும் அதன் தன்மையை மதிப்பிட்டு கவுன்சில்கள் ஓர் அறிக்கை வைத்திருக்கும். எங்கள் பகுதி அறிக்கையின் கடைசியில் ஒரு வரைபடம், அதில் வட்டாரத்துக்கு நல்ல பங்களிப்புச் செய்யும் கட்டடங்களுக்கு நிறம் தீட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் நிறம் இருந்தது. தெரு வளைவில் 'பார்வையை முடித்து வைக்கும் வீடு' என்று உள்ளே ஒரு வரியும் இருந்தது. எட்டு வருடமாக கவுன்சில் வலைத்தளத்தில் இலவசமாகக் கிடக்கும் ஆவணம், எங்களில் ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை.

அங்கிருந்து வாதம் இப்படிப் போகிறது. தேசிய பிளானிங் கொள்கைப்படி ஒரு பாரம்பரியச் சொத்துக்கு வரும் பாதிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: கணிசமான பாதிப்பு, கணிசத்துக்குக் குறைந்த பாதிப்பு. இங்கே சொத்து என்பது ஒரு வீடு இல்லை, முழுப் பகுதி. ஆகவே ஒரு வீடு போவது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் விழும். குறைந்த பாதிப்பு என்பதால் அது லேசான விஷயம் ஆகிவிடாது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் நன்மையோடு அதைத் தராசில் வைக்க வேண்டும். சரி, இங்கே பொது நன்மை என்ன? ஒரு வீடு போகிறது, ஒரு வீடு வருகிறது. லண்டனின் வீட்டுப் பஞ்சம் இதனால் குறைவது பூஜ்யம். நான்கு ஃப்ளாட் கட்டக் கேட்டிருந்தால் இந்தத் தராசு வேறு மாதிரி சாய்ந்திருக்கும், நானே ஆட்சேபம் போட்டிருப்பேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

பே விண்டோ (சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஜன்னல்) ஓரம் விரிசல், கூரையில் ஸ்லேட் கல் ஓடு சரிந்து நீர் இறங்கிய அறைகள், இவற்றைக் காட்டி வீடு காப்பாற்ற முடியாத நிலையில் இருக்கிறது என்று அவர்களுடைய பொறியாளர் அறிக்கை சொன்னது. ஆலோசகரின் பதில் ஒரே பத்தி. வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டதால் ஒரு பாரம்பரியச் சொத்து சீரழிந்திருந்தால், அந்தச் சீரழிவை முடிவெடுக்கும்போது கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதே கொள்கை சொல்கிறது. 2021 நவம்பர்ப் புயலில் சரிந்த ஸ்லேட்டைப் பற்றி அந்த டிசம்பரிலேயே உரிமையாளரின் ஏஜென்ட்டுக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் என்னிடம் இருந்தது. அதைப் பின்னிணைப்பாக வைத்தார். "இப்படி வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டு, எதிர்வீட்டுப் பெண் எடுத்த மூன்று புகைப்படங்களையும் வாங்கிக்கொண்டார்.

கார்பன் வாதத்தை அவர் முன்வரிசையில் வைக்கவில்லை. புது வீட்டில் ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி), வெப்பம் வெளியேறாத நல்ல காப்பு, எரிசக்தித் தரம் ஏ. பழைய வீட்டுக்கு எஃப். பார்த்தால் புது வீடுதான் பூமிக்கு நல்லது என்று தோன்றும். நிற்கிற செங்கல்லையும் மரத்தையும் லாரியில் ஏற்றிவிட்டு, நிலவறைக்குக் கான்கிரீட் கொட்டும்போது வெளியாகும் கார்பனைக் கணக்கில் சேர்த்தால் நிலைமை மாறும். கடிதத்தில் இது மூன்றாவது இடத்தில்தான் வந்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டில் மார்பிள் ஆர்ச் பக்கம் இருக்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையை இடித்துக் கட்டும் விவகாரத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. 2023 ஜூலையில் அமைச்சர் மைக்கேல் கோவ் மறுத்தார், 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது, அதே வருடம் டிசம்பரில் அப்போதைய அமைச்சர் ஏஞ்சலா ரெய்னர் இடிக்க அனுமதி கொடுத்தார். அந்த வாதத்தை மட்டும் நம்பி இறங்கியிருந்தால் நாங்கள் தவித்திருப்போம்.

இந்த இடத்தில் என் சொந்த ஆதங்கம் ஒன்று. இந்த நாட்டில் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால் வாட் பூஜ்யம். இருக்கிற வீட்டைச் செப்பனிட்டால் பொதுவாக 20 சதவீதம். இரண்டு வருடம் காலியாகக் கிடந்த வீடு என்றால் 5 சதவீதமாகக் குறையும். ஒழுகும் கூரையை மாற்றி வாழ நினைப்பவருக்கு வரி, தரைமட்டமாக்குபவருக்கு விலக்கு. ஆலோசகர் இதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை, பிளானிங் அதிகாரிக்கு இதில் அதிகாரம் கிடையாது என்றார். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு நானே தனியாக எழுதினேன்.

வௌவால் விஷயம் சின்னதுதான், ஆனால் வேலை செய்தது. அவர்கள் கொடுத்த சூழலியல் அறிக்கையே, பரணில் வௌவால் இருக்க வாய்ப்பு உண்டு, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று முடிந்திருந்தது. அந்தி நேரத்தில் வௌவால் வெளியே வருகிறதா என்று பார்க்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். விண்ணப்பம் வந்தது பிப்ரவரியில். ஆய்வு இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்று ஆலோசகர் இரண்டு வரி எழுத, எட்டு வாரத்தில் முடிய வேண்டிய விண்ணப்பம் ஜூன் வரை இழுத்தது.

தனிக் கடிதங்களைத் திருத்தியதைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நான்கு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். "எங்கட குசினிக்கு வெளிச்சம் வராது எண்டு எழுதினால் எடுபடுமோ அக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஆலோசகரிடம் அனுப்பினேன். வரைபடத்தில் அவருடைய ஜன்னலின் நடுவிலிருந்து 45 டிகிரியில் கோடு போட்டுப் பார்த்தால் புது வீடு அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. "இதை எழுதாதீர்கள். அதிகாரி இதே கோட்டைப் போட்டுப் பார்ப்பார், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்" என்று பதில் வந்தது. தம்பி அதை விட்டுவிட்டு, தெரு முனையிலிருக்கும் எலுமிச்சை மரத்தின் வேர்களுக்கு நிலவறைத் தோண்டலால் வரும் ஆபத்தைப் பற்றி எழுதினார். (இங்கே லைம் மரம் என்பது நம் ஊர் எலுமிச்சை இல்லை, லிண்டன் மரம். எங்களுக்குள் பேசும்போது எலுமிச்சை என்றே பழகிவிட்டது.) பாதுகாப்புப் பகுதியில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ள மரத்தை வெட்டவோ கவாத்து செய்யவோ கவுன்சிலுக்கு ஆறு வாரம் முன்பே சொல்ல வேண்டும், அப்படியிருக்க வேரை மட்டும் விட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி.

இன்னொரு கடிதம் வேறு விதம். எங்கள் தெருவில் நீண்ட நாளாக இருப்பவர் ஒருவர், வீட்டை வாங்கியவர்களின் பெயரையும் எங்கிருந்து வந்த பணம் என்பதையும் இழுத்து நான்கு வரி எழுதியிருந்தார். ஆலோசகர் அந்த நான்கு வரியை அடித்து, இது இருந்தால் உங்கள் கடிதத்தை நான் தொட மாட்டேன் என்று எழுதி அனுப்பினார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு எங்கள் குழுவை விட்டே இரண்டு நாள் விலகி, பிறகு அந்த வரிகள் இல்லாமல் திரும்ப அனுப்பினார். நாங்கள் வந்த புதிதில் எங்களைப் பற்றியும் இந்தத் தெருவில் யாராவது இப்படிப் பேசியிருப்பார்கள். ஒரு வீட்டைக் காப்பாற்றும் பெயரில் அந்தப் பேச்சில் என் கையெழுத்தும் சேர்ந்துவிடாமல் அவர் தடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதல் வரைவில் நான்காம் பக்கத்தில் வேறு ஏதோ தெருவின் பெயர் இருந்தது. பழைய கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் கவனிக்காமல் போயிருந்தால் அப்படியே கவுன்சிலுக்குப் போயிருக்கும். மன்னிப்புக் கேட்டார், திருத்தினார், ஆனாலும் 1,320 பவுண்டு கொடுத்த இடத்தில் இது நடந்திருக்கக் கூடாது. மின்னஞ்சலுக்குப் பதில் வர மூன்று நான்கு நாள் ஆகும். 21 நாள் கெடுவில் நான்கு நாள் என்பது பெரிய விஷயம், கடைசியில் கெடு முடியும் அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் கடிதத்தைப் பதிவேற்றினோம். கடிதத்தின் ஆங்கிலமும் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி இல்லை. எதிர்வீட்டு எண்பது வயதுக்காரர், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுபவர், என்னிடம் வந்து இரண்டாம் பக்கத்துக்கு அர்த்தம் கேட்டார்.

எங்கள் கருத்தைப் பதிவு செய்யும்போது பெயரும் முகவரியும் கவுன்சில் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வரும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லவில்லை. எனக்குப் பரவாயில்லை. தனியாக இருக்கும் ஒரு பெண் அதனால் கடைசி நிமிடத்தில் பின்வாங்கினார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

2023 ஜூனில் கவுன்சில் மறுத்தது. கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் பிளானிங் குழுவுக்குப் போகவில்லை, அதிகாரியே முடிவெடுத்தார். மறுப்புக் காரணம் மூன்று: நல்ல பங்களிப்புச் செய்யும் வீட்டை இழப்பது, புது வீட்டின் தட்டைக் கூரையும் துத்தநாகச் சுவரும் அந்த வளைவுக்குப் பொருந்தாதது, எங்கள் படுக்கையறையைப் பார்க்கும் திறந்த தளம். என் பழைய கடிதத்தின் அந்த ஒற்றை வரி மூன்றாவது காரணமாக அச்சில் வந்திருந்ததை என் கணவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு செய்ய ஆறு மாதம் உண்டு. எதிர்த்தவர்களுக்கு அந்த உரிமை இங்கிலாந்தில் கிடையாது. அனுமதி கொடுத்திருந்தால் எங்களுக்கு மிஞ்சியது ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போவது மட்டும்தான், அதற்கு எங்களிடம் பணம் ஏது? நவம்பரில் அவர்கள் மேல்முறையீடு போட்டார்கள். அப்போதுதான் ஆலோசகர், மேல்முறையீட்டுக்குத் தனிக் கட்டணம், வாட் சேர்த்து 576 பவுண்டு என்றார். முதல் ஒப்பந்தத்தில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. மூன்று வீடுகள் விலகிக்கொண்டன, மீதி ஒன்பது வீடுகள் தலைக்கு 64 போட்டோம். முதலில் அனுப்பிய ஆட்சேபங்கள் எல்லாம் தாமாகவே மேல்முறையீட்டை முடிவு செய்யும் இன்ஸ்பெக்டரிடம் போய்விடும், அப்போதைய விதிப்படி புதிதாக எழுத ஐந்து வாரம் கிடைக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டாவது கடிதம் முதல் கடிதத்தைச் சுருக்கியதுதான். அந்த 576 அவசியமா என்று யாராவது கேட்டால், முதல் கடிதம் உறுதியாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

இன்ஸ்பெக்டர் 2024 ஏப்ரலில் வந்து பார்த்தார். எங்கள் தோட்டத்திலும் இரண்டு நிமிடம் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் கூடாதாம். மே மாதம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பில் கல்படியைப் பற்றியோ துலிப் கண்ணாடியைப் பற்றியோ எதுவும் இல்லை. அந்த வளைவைப் பற்றியும், தெருவுக்குள் வருபவர் காணும் முகப்பைப் பற்றியும் இரண்டு முழுப் பத்திகள் இருந்தன.

எனவே யார் இப்படி ஒருவரை வைக்கலாம்? முழு வீட்டையும் இடிக்கும் விண்ணப்பம், சேர்ந்து செலவைப் பகிரப் பத்து வீடாவது உண்டு என்றால் தாராளமாக வைக்கலாம். பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்கெல்லாம் வேண்டாம். கவுன்சிலின் பகுதி அறிக்கையை நீங்களே படித்து ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். பிளானிங் எய்ட் இங்கிலாந்து இலவச ஆலோசனை தருகிறது, உங்கள் வார்டு கவுன்சிலரைக் கேட்டால் விண்ணப்பத்தைப் பிளானிங் குழுவின் முன் கொண்டுவரச் சொல்லி அவர் கேட்க முடியும். ஆலோசகரை வைப்பதென்றால் மேல்முறையீட்டுக் கட்டணம் எவ்வளவு, பதில் எத்தனை நாளில் வரும் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரைவு வந்ததும் தெருப் பெயர் உட்பட ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்தத் தெருப் பெயருக்கும் 576 பவுண்டுக்கும் ஒன்று குறைத்திருக்கிறேன்.

2025 மார்ச்சில் அதே கம்பத்தில் மறுபடி ஒரு தாள். இந்த முறை இடிப்பு இல்லை. பழைய வீட்டை நிறுத்தி, கூரையை வெல்ஷ் ஸ்லேட்டில் புதுப்பித்து, தோட்டப் பக்கம் மட்டும் ஒரே மாடியில் விரிவு. நிலவறையும் இல்லை, திறந்த தளமும் இல்லை. விண்ணப்பதாரரின் மனைவி, நாங்கள் அதுவரை முகத்தைப் பார்த்தே இராதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். மேசையில் விரித்துக் காட்டினார். விரிசல் விட்ட பே விண்டோவைத் தாங்கிப் பிடிக்க என்ன செய்யப் போகிறார்கள் என்று விளக்கினார். தேநீர் போட்டேன். வாசல் ஓடுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்றார்.

இந்த முறை யாருக்கும் காசு கொடுக்கவில்லை. கவுன்சில் தளத்தில் நானே உள்ளே போய் 'ஆதரிக்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆறு வரி எழுதினேன். கடைசி வரி: வேலை நடக்கும்போது வாசல் பாதையின் ஓடுகளையும் கல்படியையும் பலகை போட்டு மூடிப் பாதுகாக்க வேண்டும் என்று அனுமதியில் ஒரு நிபந்தனை சேர்க்கவும்.

அனுமதி கிடைத்தது. நிபந்தனை எண் 7.